ஒவ்வொரு பால்வாடிக்கும் இன்னொரு டீச்சர் வேண்டும்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, பள்ளிக் கல்வித் துறை ஆகியவற்றின் அமைச்சர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும், 3 வயது முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவும் பாடவும் விளையாடவும் சொல்லிக்கொடுக்கவும் மட்டுமே, தினமும் அரைநாள் வருகிற இன்னொரு டீச்சரை நியமியுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இது நானாக யோசித்துச் சொல்வது இல்லை. நம் மாநிலத்திலேயே, நம் மையங்களிலேயே, அரசின் ஒத்துழைப்போடு சோதித்துப் பார்த்த விஷயம். நல்ல பலன் தந்தது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைப் பல நாடுகளில் படிக்கிறார்கள். சோதனை நடந்த நம் ஊரில்தான் அது மாநிலம் முழுவதற்குமான திட்டமாகாமல் நிற்கிறது.

நான் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை. பால்வாடியிலிருந்து வரும் பிள்ளைகளை முதலில் கையில் வாங்குகிறவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். அதனால் இதைச் சொல்லும் கடமை எங்களுக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சோதனையைப் பற்றி. கார்த்திக் முரளிதரன், அலெஹாண்ட்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2016 முதல் 2018 வரை தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்று, அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கல்விக்கென்று, அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். மற்ற பாதி வழக்கம்போல நடந்தது. கட்டடத்தை மாற்றவில்லை, கணினி வாங்கவில்லை. ஒரு ஆள் மட்டும் கூடினார்.

ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. மையத்திலேயே தொடர்ந்து இருந்த பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆய்வாளர்கள் கொடுத்த அளவை நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், நூறு பிள்ளைகளைக் கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்தும்போது நட்டநடுவில் நின்ற பிள்ளை, கணக்கில் 61ஆம் இடத்துக்கும் மொழியில் 67ஆம் இடத்துக்கும் பக்கமாக ஏறியதற்குச் சமம். நடுவில் தனியார் பள்ளிக்குப் போய்விட்டவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் பலன் இதைவிடக் குறைவு. ஆனாலும் பலன் உண்டு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. கூடுதல் ஆள் வந்த மையங்களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும் கடுமையான ஊட்டக்குறைவு உள்ள பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள். வந்தவர் பாடம் சொல்லத்தான் வந்தார். பிறகு எப்படி உடம்பு தேறியது? ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு, தன் மற்ற வேலைகளை ஒழுங்காகச் செய்ய நேரம் கிடைத்தது. அவ்வளவுதான் காரணம்.

அந்த மற்ற வேலைகள் என்னென்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு எடை, உயரம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு கொடுக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அதற்கு, வாங்குகிறவரின் முகத்தைப் போனில் பதிவது கட்டாயம். சிக்னல் கிடைக்காத ஊரில் ஒரு பாக்கெட் மாவுக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. போஷண் டிராக்கர் என்ற மத்திய அரசின் செயலியில் பதிவு, கையால் எழுதும் பதிவேடுகள், தடுப்பூசி நாளன்று தாய்மார்களை அழைத்துவருவது, வீடு வீடாகப் போவது, பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலை. உதவியாளர் சமையலில் இருப்பார். இவ்வளவுக்கும் நடுவில் இருபது குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடிக்கும் பணியாளர் இருந்தால் அவரைக் கும்பிட வேண்டும். அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுடைய தனிப்பட்ட நல்ல மனசை நம்பி ஒரு மாநிலத்தின் முன்பருவக் கல்வியை நடத்தக் கூடாது.

இனி, இந்தக் கோரிக்கை எழும்போதெல்லாம் வருகிற மறுப்புக்கு வருகிறேன். "இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். மூன்றாம் வகுப்பு வருவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகிவிடுவார்கள். பிறகு எதற்குச் செலவு?" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பார்த்தே பல அரசுகள் ஒதுங்கிப் போயிருக்கின்றன. மீதிப் பாதி தெரிய வேண்டுமென்றால், பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை காத்திருந்து பார்த்தவர்களிடம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி என்ற ஊரில், 1962 முதல் 1967 வரை, பெர்ரி என்ற பள்ளியில் ஒரு முன்பருவ வகுப்பு நடந்தது. டேவிட் வெய்கார்ட் தொடங்கியது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகள். அதில் 58 பேருக்கு மட்டும் வகுப்பு, மீதிப் பேருக்கு இல்லை. காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு நடக்கும். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போய், அம்மாவோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் இருப்பார்.

முதலில் அந்தப் பிள்ளைகளின் ஐக்யூ சட்டென்று ஏறியது. பள்ளியில் சேர்ந்த சில ஆண்டுகளில் அந்த ஏற்றம் கரைந்தும் போனது. அதோடு நிறுத்தியிருந்தால், திட்டம் தோற்றது என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். அவர்கள் மூடவில்லை. அந்தப் பிள்ளைகளை 40 வயது வரை தேடிப் போய்ப் பார்த்தார்கள். முன்பருவ வகுப்புக்குப் போனவர்களில் 77 சதவீதம் பேர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள், போகாதவர்களில் 60 சதவீதம். 40 வயதில் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் முதல் குழுவில் 60 சதவீதம், இரண்டாவதில் 40 சதவீதம். ஐந்து முறை அல்லது அதற்கு மேல் போலீசில் கைதானவர்கள் முதல் குழுவில் 36 சதவீதம், இரண்டாவதில் 55 சதவீதம். பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மேன் இந்தக் கணக்கையெல்லாம் மறுபடி சரிபார்த்து, போட்ட பணம் சமூகத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை திரும்பி வந்திருக்கிறது என்றார். பிறகு அவரும் அவரோடு இருந்தவர்களும் அந்த மனிதர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் பார்த்தார்கள். அவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

பெர்ரி மிகச் சிறியது, செலவும் அதிகம் என்று சொல்வது நியாயமான ஆட்சேபம். 58 பிள்ளைகளை வைத்து ஒரு மாநிலத்துக்குத் திட்டம் போட முடியாது. சரி, பாஸ்டன் நகரத்தைப் பார்ப்போம். அங்கே மாநகரப் பள்ளிகளின் முன்பருவ வகுப்பில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகம். அதனால் குலுக்கல் போட்டார்கள். 1997 முதல் 2003 வரை குலுக்கலில் கலந்துகொண்ட 4,000க்கும் மேற்பட்ட நான்கு வயதுப் பிள்ளைகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது ஒரு விநோதம் தெரிந்தது. இடம் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் பள்ளி முடித்ததும் கல்லூரிக்குப் போனவர்கள், இடம் கிடைத்த கூட்டத்தில் 8 சதவீதப் புள்ளிகள் அதிகம். பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் குறைவு. சிறார் சிறைக்குப் போனவர்களும் குறைவு.

மதிப்பெண் ஏறவில்லை, வாழ்க்கை மட்டும் ஏறியது என்றால் நடுவில் என்னதான் நடந்தது?

இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் சொல்லும் பதில், என் வகுப்பறையில் நான் ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. நல்ல பால்வாடியிலிருந்து வந்த பிள்ளைக்கு அ, ஆ தெரிந்திருக்கும், 1, 2 தெரிந்திருக்கும். அது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. தெரியாமல் வந்த பிள்ளையும் பொங்கலுக்குள் ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிடும். ஆனால் முதல் பிள்ளை தன் முறை வரும்வரை பொறுத்திருக்கும். எடுத்த வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்கும். "டீச்சர், எனக்குப் புரியல" என்று வாய்விட்டுச் சொல்லும். பக்கத்துப் பிள்ளை பென்சிலைப் பிடுங்கினால் அடிக்காமல் என்னிடம் வந்து சொல்லும். இந்தப் பழக்கங்கள் பொங்கலுக்குள் வந்துவிடுவதில்லை. இவை இல்லாத பிள்ளை மூன்றாம் வகுப்பில் பின் பெஞ்சுக்குப் போகிறது. ஆறாம் வகுப்பில் அடிக்கடி லீவு போடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் வராமலே போய்விடுகிறது. கல்லூரி வரை போவதற்கும் பாதியில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இதை அளக்க நம்மிடம் தேர்வுத்தாள் இல்லை. அளக்க முடியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

எல்லா முன்பருவ வகுப்பும் நல்லது செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இதை நீங்கள் தயவுசெய்து கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவிலேயே டென்னசி மாநிலம், ஏழைப் பிள்ளைகளுக்காக மாநிலம் முழுவதும் முன்பருவ வகுப்புகளை நடத்துகிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்பு வந்தபோது, முன்பருவ வகுப்புக்குப் போன பிள்ளைகள் போகாத பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். மதிப்பெண்ணிலும் குறைவு, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவதிலும் அதிகம். ஆய்வை நடத்திய டேல் ஃபரான் இதைக் கண்டு மனம் வருந்திப் பேசினார். அந்த வகுப்புகளில் ஆசிரியர் பேசிக்கொண்டே இருப்பதும், பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பதும், வரிசையில் காத்து நிற்பதும் அதிகம், விளையாட்டும் பிள்ளைகள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதும் குறைவு என்பது அவர் சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் கண்முன் வந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் விரலில் பென்சிலைத் திணித்து நான்குகோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பதைத்தான் நாம் எல்கேஜி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். "பால்வாடில என்ன டீச்சர், சாப்பாடு போட்டுத் தூங்கவைக்கிறாங்க. காசு கட்டினா நோட்டாவது நிறையுதே" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். கொத்து வேலைக்குப் போகிறவர். அவர் கேட்பதில் தப்பே இல்லை. தன் பிள்ளைக்கு யாரோ ஒருவர் கவனம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. கவனம் கொடுத்ததற்கு நோட்டைத் தவிர வேறு அடையாளம் நாம் அவருக்குக் காட்டியதில்லை.

2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினீர்கள். எண்ணம் நல்லது. ஆனால் யார் சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு நிலையான விடை இல்லாமலே தொடங்கியது. உபரியாக இருந்த ஆசிரியர்களை அனுப்பியபோது, பெரிய வகுப்புக்குப் பயிற்சி பெற்றவர்களைச் சின்னப் பிள்ளைகளிடம் ஏன் அனுப்புகிறீர்கள் என்று அவர்கள் வருந்தினார்கள். 2022இல் வகுப்புகள் நடக்குமா நடக்காதா என்றே சில நாள் குழப்பம் இருந்தது. பிறகு தற்காலிகமாக ஆட்களை எடுத்தீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தனித் திறமை. அதற்கென்று ஆள் எடுத்து, அதற்கென்று பயிற்சி கொடுத்து, அவர் அடுத்த வருடமும் இருப்பார் என்ற உறுதியோடு வைக்க வேண்டும்.

பாடத்திட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற நம் அங்கன்வாடிப் பாடத்திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயரில் உள்ள மூன்றையும் செய்தாலே போதும். குலை குலையாய் முந்திரிக்காய் விளையாடும்போது பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். வட்டத்தில் அசையாமல் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். பின்னால் துணி விழுந்ததா என்று காதால் உணர வேண்டும். விழுந்தால் உடனே எழுந்து ஓட வேண்டும், தோற்றால் அழாமல் மறுபடி உட்கார வேண்டும். தன்னை அடக்கிக்கொள்ளப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடத்தை எந்த வெளிநாட்டு நிறுவனமும் நமக்கு விற்க முடியாது. ஆனால் விளையாட்டை நடத்த ஒரு ஆள் வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

சோறு போடுவதில் நாம் இந்தியாவுக்கே வழிகாட்டினோம். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே தொடங்கினோம். முட்டாள்தனமான செலவு என்று அன்றைக்குப் பேசியவர்கள் இருந்தார்கள். இன்று அப்படிப் பேச யாருக்கும் வாய் வராது. சின்ன வயதில் கிடைக்கும் சாப்பாடு பிற்காலப் படிப்பு வரை கைகொடுக்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஹைதராபாத்துக்கு அருகில் 29 கிராமங்களை எடுத்து, 1987 முதல் 1990 வரை அவற்றில் ஒரு பகுதி கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அங்கன்வாடித் திட்டத்தின் கீழ் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே பிறந்தவர்களைப் பின்னாளில் தேடிப் பார்த்தபோது, மற்ற கிராமத்துப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 0.84 வகுப்பு அதிகம் படித்திருந்தார்கள். ஒரு வாய் உணவு, கிட்டத்தட்ட ஒரு வருடப் படிப்பாக மாறியிருக்கிறது. சோற்றைப் போட்டுவிட்டோம். அதே கூரையின் கீழ், அதே பிள்ளைக்கு, மீதி பாதியையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பால்வாடிக்கு இன்று வருவது யாருடைய பிள்ளைகள்? ஊரில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் மூன்று வயதிலேயே வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களும் நம் மாநிலத்தில் எல்கேஜியிலிருந்தே தொடங்குகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தைத் தனியார் பள்ளிகளுக்கு அரசே கொடுக்கிறது. அந்த விண்ணப்பத்தைக் கூடப் போடத் தெரியாத, போட நேரமில்லாத வீடுகளின் பிள்ளைகள்தான் கடைசியில் பால்வாடியில் மிஞ்சுகிறார்கள். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் இருப்பவர்களின் பிள்ளைகள், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள், அப்பா குடித்துவிட்டுக் கிடக்கும் வீட்டுப் பிள்ளைகள். முன்பருவக் கல்வியால் அதிகம் பயன் பெறுவது இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் என்று உலகத்தில் நடந்த ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. அவர்களுக்குத்தான் நாம் பாதி டீச்சரைக் கொடுத்திருக்கிறோம்.

நீங்கள் எடுக்கும் ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? பட்டம் பெரிதாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஜமைக்காவில் 1980களின் பிற்பகுதியில், கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு மட்டும், அந்தந்தப் பகுதி சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் போய், வீட்டில் கிடைக்கும் பொருளில் செய்த பொம்மைகளை வைத்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வருடம்தான். இருபது ஆண்டு கழித்து, அந்தப் பிள்ளைகள் தங்களைப் போன்ற மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. நல்ல பயிற்சி பெற்றவர்கள், மேலே ஒருவர் தொடர்ந்து கவனித்து வழிகாட்டினார், அவ்வளவுதான். நம் ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்யாணமாகி, அரைநாள் வேலை கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்விக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றபோது எத்தனை பெண்கள் முன்வந்தார்கள் என்று நீங்களே பார்த்தீர்கள்.

ஆனால் அதே மாதிரி 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் இதை முடித்துவிடாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளர்களின் உழைப்பைச் சேவை என்று சொல்லிச் சொல்லியே ஐம்பது வருடம் ஓட்டிவிட்டோம். மத்திய அரசு தன் பங்காகத் தரும் மதிப்பூதியம் 2018இல் 4,500 ரூபாயாக உயர்ந்தது. 2022 ஏப்ரலில்தான், இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இன்னொரு மதிப்பூதியக் கூட்டத்தை உருவாக்குவது என் கோரிக்கை இல்லை. அரைநாள் வேலைக்கு மரியாதையான சம்பளம், ஆண்டுதோறும் பயிற்சி, சில வருடங்களில் முழுநேர அங்கன்வாடிப் பணியாளராகும் வழி, இவை சேர்ந்தே இருக்க வேண்டும். இப்போது இருக்கிற டீச்சருக்கு மேலேயோ கீழேயோ இவரை வைத்துப் பகை மூட்டிவிடாதீர்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். 2025 ஏப்ரலில் 7,783 காலிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் அது காலியான நாற்காலியை நிரப்புவது. நான் கேட்பது புதிய நாற்காலி.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 54,000 பேருக்கு ஆண்டுக்கு 518 கோடி ரூபாய். பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் கொஞ்சம் கூடும். 2025–26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு மட்டும் ஒதுக்கியது 46,767 கோடி. அதில் நூற்றில் ஒரு பங்கு சொச்சம். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறோம், அதில் எனக்குப் பெருமைதான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மூன்றாம் வகுப்புக்குள் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பாடுபடுகிறோம். நானும் அதில் ஒருத்தி. இந்த இரண்டு இடத்துக்கும் பிள்ளை தெம்போடு வந்து சேர வேண்டுமென்றால் மூன்று வயதில் யாராவது அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லா மையத்துக்கும் ஒரே ஆண்டில் முடியாது என்றால் நியாயம். மலைக் கிராமங்கள், மீனவக் குப்பங்கள், ஆதிதிராவிடர் குடியிருப்புகள், நகரத்துக் குடிசை மாற்றுக் குடியிருப்புகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். சாலையோரம் இருப்பதால் ஆய்வுக்குப் போக வசதி என்று மாவட்டத் தலைநகரத்து மாதிரி மையத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. இதற்குச் செலவு மிகக் குறைவு.

2016–18 சோதனையில் அந்த 320 மையங்களில் இருந்த பிள்ளைகள் இன்று நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள். கூடுதல் டீச்சர் இருந்த மையத்துப் பிள்ளைகளும் இல்லாத மையத்துப் பிள்ளைகளும் குலுக்கல் முறையில் பிரிந்தவர்கள். இப்படிப்பட்ட வாய்ப்பு ஒரு நாட்டுக்கு எளிதில் அமையாது. பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் கல்வித் துறையின் கணினிப் பதிவில் எமிஸ் எண் என்ற தனி அடையாள எண் இருக்கிறது. யார் இன்னும் படிக்கிறார்கள், யார் நின்றுவிட்டார்கள், எந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, யார் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பாருங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அவர்களை இருபது வயதிலும் முப்பது வயதிலும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அண்ணா பல்கலைக்கழகமோ சென்னைப் பல்கலைக்கழகமோ இதைத் தாங்காதா? ஏழைப் பிள்ளைகளின் முன்பருவக் கல்வி பற்றிப் பேச வேண்டுமென்றால் இப்சிலாண்டியையும் கிங்ஸ்டனையும் மேற்கோள் காட்ட வேண்டிய நிலைமை நமக்கு ஏன்?

இந்த வேலையை எந்தத் துறை செய்வது என்பதில் கோப்பு சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அங்கன்வாடி ஒரு துறையில், தொடக்கப்பள்ளி இன்னொரு துறையில். பிள்ளை மட்டும் ஒன்று. பல ஊர்களில் இரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே வேப்பமரத்தடியில் இருக்கின்றன. ஆனாலும் பால்வாடி டீச்சரும் ஒன்றாம் வகுப்பு டீச்சரும் ஒரு பிள்ளையைப் பற்றி உட்கார்ந்து பேச அரசாணை எதுவும் இடம் தரவில்லை. ஒவ்வொரு மே மாதமும் ஒருநாள் எங்களைச் சேர்த்து உட்காரவையுங்கள். யாருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, யார் இன்னும் திக்கிப் பேசுகிறான், யார் வீட்டில் அம்மா இல்லை என்று அவர்கள் எங்களிடம் சொல்லட்டும். இதற்கு ஒரு பைசாவும் வேண்டாம்.

அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தின்போது, அங்கன்வாடி மையங்களுக்குக் கூடுதல் முன்பருவ ஆசிரியர்களை நியமிப்பீர்களா, எத்தனை மையங்களில், எந்த ஆண்டுக்குள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பேரவையில் விடை சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். பயிற்சிப் பாடத்தைத் தயாரிக்கவும், புதிதாக வருகிறவர்களோடு முதல் சில மாதம் மையத்தில் உடனிருக்கவும் என்னைப் போன்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பலர் தயாராக இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை